கூடாதா, தேவையில்லையா? ‘மஸ்ட் நாட்’டையும் ‘டோன்ட் ஹேவ் டு’வையும் பிரித்தறிவது எப்படி

ஓர் அலுவலகம். மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு ஊழியர் ஒருவர் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். மறுநாள் காலையில் ஒரு கூட்டம். ‘பாவம், உடம்பு இன்னும் தேறவில்லை, அவர் சிரமப்பட்டு வர வேண்டாம்’ என்று மேலாளர் நினைக்கிறார். அந்த அக்கறையோடுதான் ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்புகிறார்: “யூ மஸ்ட் நாட் அட்டெண்ட் த மீட்டிங் டுமாரோ.”

ஊழியர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். அந்த வரியைப் படித்ததும் அவர் முகம் மாறுகிறது. ‘நாளைய கூட்டத்துக்கு நீங்கள் வரக் கூடாது’ என்றுதான் அவருக்கு அது கேட்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்? என்னை ஏன் ஒதுக்கி வைக்கிறார்கள்? அந்தக் கூட்டத்தில் என்னைப் பற்றியே பேசப்போகிறார்களா? அனுப்பியவர் மனத்தில் இருந்தது பரிவு. போய்ச் சேர்ந்தது தடை உத்தரவு.

அந்த வரியில் எழுத்துப்பிழை கிடையாது. இலக்கணப்பிழையும் கிடையாது. கணினி அதன் கீழே சிவப்புக் கோடு போடாது. வாக்கியம் முழுக்கச் சரி, ஆனால் சொல்ல வந்தது அது இல்லை. ஆங்கிலம் கற்பவர்கள் செய்யும் பிழைகளில் இந்த வகைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. காலத்தைத் தப்பாகப் போட்டாலோ ‘ஏ’, ‘த’ விட்டுப்போனாலோ கேட்பவர் தாமாகவே சரிசெய்து புரிந்துகொள்வார். இங்கே சரிசெய்ய அவருக்கு எந்தத் தடயமும் இல்லை.

மேலாளர் எழுதியிருக்க வேண்டியது: “யூ டோன்ட் ஹேவ் டு அட்டெண்ட் த மீட்டிங் டுமாரோ.” நாளைக்கு நீங்கள் வர வேண்டிய அவசியம் இல்லை. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

நேராக இருக்கும்போது ஒன்று, எதிர்மறையில் வேறு

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். “யூ மஸ்ட் கோ” என்றால் நீங்கள் போக வேண்டும். “யூ ஹேவ் டு கோ” என்றாலும் நீங்கள் போக வேண்டும்தான். இரண்டுக்கும் நடுவே மெல்லிய வேறுபாடு உண்டு. பேசுபவர் தாமே வலியுறுத்தும்போது மஸ்ட் பொருந்தும், வெளியில் இருக்கும் விதியோ சூழலோ கட்டாயப்படுத்தும்போது ஹேவ் டு பொருந்தும் என்பார்கள். தொடக்க நிலையில் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது.

ஆகவே, ‘இரண்டும் ஒன்று’ என்று மனம் பதிவு செய்துகொள்கிறது. அடுத்த நாள் எதிர்மறை வாக்கியங்கள் வருகின்றன. இரண்டும் ஒன்றென்றால் இரண்டின் எதிர்மறையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? நியாயமான கணக்குதான். ஆனால் மொழி அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. “யூ மஸ்ட் நாட் கோ” என்றால் போகக் கூடாது. “யூ டோன்ட் ஹேவ் டு கோ” என்றால் போக வேண்டியதில்லை. முதலாவது கதவைப் பூட்டுகிறது. இரண்டாவது கதவைத் திறந்தே வைத்துவிட்டு, ‘உங்கள் விருப்பம்’ என்கிறது.

இதைப் பிரித்தறிய நான் எப்போதும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கச் சொல்வேன். ஒன்று, செய்தால் தப்பா? மற்றொன்று, செய்யாவிட்டால் தப்பா?

ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடும் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். கையெழுத்துப் போடாவிட்டால் தப்பு, படிவத்தை ஏற்க மாட்டார்கள் என்றால் அது கட்டாயம்: “யூ மஸ்ட் ஸைன்” அல்லது “யூ ஹேவ் டு ஸைன்”. கையெழுத்துப் போட்டால் தப்பு, அந்தக் கட்டம் அதிகாரிக்கு மட்டும் உரியது என்றால் அது தடை: “யூ மஸ்ட் நாட் ஸைன் ஹியர்”. போட்டாலும் தப்பில்லை, போடாவிட்டாலும் தப்பில்லை என்றால் கட்டாயம் இல்லை, அவ்வளவுதான்: “யூ டோன்ட் ஹேவ் டு ஸைன்”.

வாக்கியம் எழுதுவதற்கு முன் இந்த இரண்டு கேள்விகளுக்கும் மனத்துக்குள் பதில் சொல்லிப் பாருங்கள். காய்ச்சலில் இருந்து மீண்ட ஊழியர் கூட்டத்துக்கு வந்தால் தப்பா? இல்லை. வராவிட்டால் தப்பா? அதுவும் இல்லை. அப்படியென்றால் மஸ்ட் நாட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

‘நாட்’ எதைப் பிடிக்கிறது?

இரண்டு வாக்கியங்களிலும் இருப்பது அதே ‘நாட்’தான். பொருள் எப்படித் தலைகீழாகிறது? அந்த ‘நாட்’ எதைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மஸ்ட் நாட்டில் அது பின்னால் வரும் செயலைப் பிடிக்கிறது. “யூ மஸ்ட்” என்ற கட்டாயம் முழுசாக அப்படியே நிற்கிறது. எதற்குக் கட்டாயம்? ‘போகாமல் இருப்பதற்கு’. போகாமல் இருப்பது உங்கள் கடமை. அதனால்தான் மஸ்ட் நாட்டில் அவ்வளவு கண்டிப்பு தெரிகிறது. டோன்ட் ஹேவ் டுவில் ‘நாட்’ முன்னாலேயே வந்துவிடுகிறது, ‘டோன்ட்’ என்பதற்குள் ஒளிந்துகொண்டு. அது பிடிப்பது கட்டாயத்தை. போக வேண்டும் என்ற கடமையே இல்லை என்கிறது. போவதைப் பற்றி அது நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

மஸ்ட், கான், மே போல, கட்டாயம், அனுமதி, வாய்ப்பு ஆகியவற்றைக் காட்டும் துணைவினைகளுக்கு மோடல் வினைகள் என்று பெயர். அவற்றை விட்டுவிட்டுச் சாதாரணச் சொற்களில் பார்த்தால் இது கண்ணுக்கு நேராகவே தெரியும். “ஷீ இஸ் நாட் ரிக்வையர்டு டு ஸைன்” என்றால் அவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. “ஷீ இஸ் ரிக்வையர்டு நாட் டு ஸைன்” என்றால் அவர் கையெழுத்துப் போடாமல் இருந்தாக வேண்டும். சொற்கள் அதேதான். ‘நாட்’ ஓர் அடி நகர்ந்து உட்கார்ந்ததும் உரிமை தடையாகிவிட்டது.

தத்துவத்தில் இதைத் தனித் துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். கட்டாயம், அனுமதி, தடை ஆகியவற்றின் தர்க்கத்தைப் பற்றி பின்லாந்துத் தத்துவவாதி ஃபோன் ரிக்ட் 1951-இல் எழுதிய கட்டுரை அதற்குப் பெரிய தொடக்கமாக அமைந்தது. அனுமதி என்ற ஒரே கருத்தை வைத்துக்கொண்டே மற்றவற்றையும் அவர் விளக்கினார். ஒன்றைச் செய்ய அனுமதி இல்லை என்றால் அது தடை. செய்யாமல் இருக்க அனுமதி இல்லை என்றால் அது கட்டாயம். செய்யவும் அனுமதி உண்டு, செய்யாமல் இருக்கவும் அனுமதி உண்டு என்றால் இரண்டும் சமம். நாம் மேலே கேட்ட இரண்டு கேள்விகளும் இதே வழியில்தான் வருகின்றன.

தமிழில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது

இதைப் புதிதாகக் கற்க வேண்டும் என்று பயப்பட ஒன்றுமே இல்லை. நாம் நாள் முழுக்க இந்த வேறுபாட்டைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ‘போகக் கூடாது’ என்பது மஸ்ட் நாட். ‘போக வேண்டியதில்லை’, ‘போகத் தேவையில்லை’, ‘போக வேண்டிய அவசியமில்லை’ என்பவை டோன்ட் ஹேவ் டு. எந்தத் தமிழ்க் குழந்தையும் கூடாதையும் தேவையில்லையையும் குழப்பிக்கொள்ளாது. ‘அதைத் தொடக் கூடாது’ என்று அம்மா சொன்னால் கையை இழுத்துக்கொள்ளும். ‘அதைத் தொடத் தேவையில்லை’ என்றால் தயங்கி அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

பிறகு ஏன் ஆங்கிலத்தில் தடுமாறுகிறோம்? நான் பார்த்தவரை இதற்குக் காரணம் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்.

‘நீங்கள் வர வேண்டாம்’ என்ற வாக்கியத்தை இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள். உடம்பு சரியில்லாத நண்பரிடம் கனிந்த குரலில் சொன்னால் ‘வரணும்னு இல்லை, ஓய்வெடுங்க’ என்று பொருள். கோபத்தில் வாசலில் நின்று சொன்னால் ‘வரக் கூடாது’ என்று பொருள். ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. எது என்பதைக் குரலும் முகமும் சூழ்நிலையும் சொல்லிவிடும். தமிழில் நமக்கு இதனால் பெரிய சிக்கல் வருவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வருகிறது. மனத்தில் ‘வேண்டும்’ என்றால் ‘மஸ்ட்’ என்று பதிந்திருக்கிறது. ‘வேண்டாம்’ அதன் எதிர்மறை, ஆகவே ‘மஸ்ட் நாட்’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. மேலாளருக்கு நடந்ததும் இதுதான்.

ஆகவே, ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழிலேயே ஒரு படி நிற்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று தோன்றினால், அதை உடனே மொழிபெயர்க்காமல், முதலில் ‘கூடாது’வாகவோ ‘தேவையில்லை’யாகவோ மாற்றிப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதற்குரிய ஆங்கிலத்தை எழுதுங்கள். ஒரு சில வாரங்கள் இப்படிச் செய்தால் பழகிவிடும்.

தமிழைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘அவர் வரக்கூடும்’ என்றால் வர வாய்ப்பிருக்கிறது என்று பொருள். அப்படியானால் ‘அவர் வரக் கூடாது’ என்பது வர வாய்ப்பில்லை என்றுதானே பொருள்பட வேண்டும்? இன்றைய தமிழில் அப்படி யாரும் புரிந்துகொள்வதில்லை. அது தடை. கூடும் என்பதன் எதிர்மறை கூடாது, ஆனால் பொருள் எதிர்மறையாக நேர்கோட்டில் போகாமல் வேறு திசையில் திரும்பிவிட்டது. மோடல் வினைகளின் எதிர்மறை கணக்குப்படி நடப்பதில்லை என்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள விசித்திரம் இல்லை. நம் வாயிலும் அது இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை.

மஸ்ட் எங்கிருந்து வந்தது

மஸ்ட்டின் பழைய கதையைத் தெரிந்துகொண்டால் மஸ்ட் நாட் ஏன் தடையாகிறது என்பது எளிதாக நினைவில் நிற்கும். பழைய ஆங்கிலத்தில் ‘மோட்டன்’ என்று ஒரு வினை இருந்தது. செய்ய அனுமதி உண்டு, செய்யலாம் என்பது அதன் முக்கியமான பொருள். அதன் இறந்தகால வடிவம் ‘மோஸ்டே’. அந்த மோஸ்டேதான் இன்றைய மஸ்ட். அனுமதி மெல்ல மெல்லக் கட்டாயமாக மாறியது. ஆனால் எதிர்மறையில் பழைய பொருளை வைத்துப் பாருங்கள்: ‘செய்ய அனுமதி இல்லை’. கச்சிதமாக இன்றைய மஸ்ட் நாட்!

மஸ்ட்டுக்குத் தனியாக இறந்தகால வடிவம் இல்லாததற்கும் இதே கதைதான் காரணம். அதுவே ஒரு பழைய இறந்தகால வடிவம். அதனால்தான் ‘நேற்றுப் போக வேண்டியிருந்தது’ என்பதற்கு ஹேட் டுவிடம் கடன் வாங்குகிறோம்.

ஜெர்மன் மொழியில் மஸ்ட்டின் உறவுக்கார வினை ஒன்று இருக்கிறது, ‘முஸ்ஸன்’. அதில் “டூ முஸ்ட் நிஷ்ட் கோமன்” என்றால் ‘நீ வர வேண்டியதில்லை’ என்று பொருள். தடைக்கு ‘டுர்ஃபன்’ என்ற வேறு வினையைப் பயன்படுத்துவார்கள். ஓசையில் அவ்வளவு நெருக்கமாக இருந்தும் எதிர்மறையில் இரண்டும் எதிரெதிராகப் போவதால், ஜெர்மன்காரர்கள் ஆங்கிலம் கற்கும்போது நாம் விழும் அதே குழியில் விழுகிறார்கள்.

கேள்விக்குப் பதில் சொல்லும்போது

“மஸ்ட் ஐ ஃபில் இன் திஸ் ஃபார்ம்?” என்று ஒருவர் கேட்கிறார். இந்தப் படிவத்தை நான் நிரப்ப வேண்டுமா? அவசியமில்லை என்று சொல்ல வேண்டும். கேள்வியில் மஸ்ட் இருப்பதால் “நோ, யூ மஸ்ட் நாட்” என்று வாய் வந்துவிடும். அப்படிச் சொன்னால் ‘நிரப்பவே கூடாது’ என்று ஆகிவிடும். சரியான பதில் “நோ, யூ டோன்ட் ஹேவ் டு” அல்லது “நோ, யூ நீடன்ட்”. பெரும்பாலும் கேள்வியில் வரும் துணைவினையையே பதிலிலும் திருப்பிச் சொல்வது ஆங்கில வழக்கம். இந்த ஓர் இடத்தில் அந்த வழக்கம் காலை வாரிவிடும்.

நீடன்ட் என்று சொன்னதால் அதையும் பார்த்துவிடுவோம். நீட் என்ற சொல் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். மோடல் வினையாக வரும்போது அதற்கு டுவும் வேண்டாம், எஸ்ஸும் வேண்டாம்: “ஹி நீட் நாட் கம்”. சாதாரண வினையாக வரும்போது டுவும் வேண்டும், டஸன்ட்டும் வேண்டும்: “ஹி டஸன்ட் நீட் டு கம்”. இரண்டுக்கும் பொருள் ஒன்றே, அவர் வர வேண்டியதில்லை. இரண்டையும் கலந்து “ஹி நீட்ஸ் நாட் டு கம்” என்று எழுதுவதுதான் தப்பு. அன்றாடப் பேச்சில் டோன்ட் ஹேவ் டுவும் டோன்ட் நீட் டுவும் போதும். நீட் நாட் சற்று எழுத்து நடை, அலுவல் கடிதங்களில் அதிகம் தென்படும்.

உச்சரிப்பிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. மஸ்ட் நாட்டைச் சுருக்கி எழுதும்போது முதல் ‘டி’யை உச்சரிக்க மாட்டார்கள். ‘மஸன்ட்’ என்றுதான் காதில் விழும், லிஸன் என்ற சொல்லில் ‘டி’ மறைவதைப் போல. வேகமான பேச்சில் இதைத் தவறவிட்டால் தடையையே தவறவிடுவீர்கள். ஹேவ் டுவும் பேச்சில் ‘ஹேஃப்டு’ என்று குறுகிவிடும்.

ஒரு தேர்வுத் தாள்

இதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு தேர்வுக்கான அறிவுரைகளை நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் தமிழ்க் குறிப்பு இருக்கிறது. ‘பென்சிலால் எழுத வேண்டாம். விடைகளை வரிசைப்படி எழுத வேண்டாம். இரண்டாம் பகுதியில் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுத வேண்டாம், ஐந்து போதும். விடைத்தாளில் பெயர் எழுத வேண்டாம்.’

நான்கு இடத்திலும் ‘வேண்டாம்’. நான்கையும் ஒரே மாதிரி மொழிபெயர்த்தால் தேர்வு எழுதுபவர் திண்டாடிப்போவார். ஒவ்வொன்றாக அந்த இரண்டு கேள்விகளைக் கேட்போம்.

பென்சிலால் எழுதினால் தப்பா? ஆம், திருத்த மாட்டார்கள். ஆகவே தடை: “யூ மஸ்ட் நாட் ரைட் இன் பென்சில்.” வரிசை மாறாமல் எழுதினால் தப்பா? ஒன்றுமில்லை, எழுதலாம். மாற்றி எழுதினாலும் தப்பில்லை. ஆகவே “யூ டோன்ட் ஹேவ் டு ஆன்ஸர் த க்வெஸ்சன்ஸ் இன் ஆர்டர்.” இங்கே மஸ்ட் நாட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் கேள்வியைத் தெளிவாகத் தெரிந்த மாணவர்கூட, வரிசையாக எழுதினால் மதிப்பெண் போய்விடுமோ என்று மூன்றாவது கேள்வியில் தொடங்கியிருப்பார்.

மூன்றாவதுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஐந்து போதும், ஆனால் ஏழு எழுதினால்? முதல் ஐந்தை மட்டும் திருத்துவார்கள் என்றால் தப்பில்லை, டோன்ட் ஹேவ் டு. கூடுதலாக எழுதினால் மதிப்பெண் குறைப்பார்கள் என்றால் அது தடை, மஸ்ட் நாட். தமிழ்க் குறிப்பை எழுதியவரிடம் திரும்பிப் போய்க் கேட்டால்தான் எழுத முடியும். நான்காவதும் அப்படித்தான். யார் எழுதிய தாள் என்று திருத்துபவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பெயரை மறைக்கிறார்களா, அல்லது எண்ணே போதும் என்பதற்காகவா? முதலாவது என்றால் மஸ்ட் நாட். இரண்டாவது என்றால் டோன்ட் ஹேவ் டு.

தமிழில் இந்தக் குறிப்பைப் படித்தபோது இப்படி ஒரு கேள்வி இருப்பதே நமக்குத் தோன்றவில்லை, பார்த்தீர்களா? மொழிபெயர்க்கும் வேலை பல நேரங்களில் மூலத்தில் விடுபட்டதை இப்படி வெளியே கொண்டுவந்துவிடும்.

தடைக்கு வேறு சொற்களும் உண்டு

உண்மையில் ஆங்கிலேயர்களோ அமெரிக்கர்களோ அன்றாடப் பேச்சில் மஸ்ட் நாட்டை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. அது அறிவிப்புப் பலகையின் குரல். நேரில் பேசும்போது “யூ கான்ட் பார்க் ஹியர்” என்பார்கள். இங்கே வண்டியை நிறுத்தக் கூடாது. கான்ட் என்றால் முடியாது என்று மட்டுமே படித்தவர்களுக்கு இது விந்தையாக இருக்கும். வண்டியை நிறுத்த உங்களால் முடியும்தான், அனுமதிதான் இல்லை. “யூ ஆர் நாட் அலவ்டு டு பார்க் ஹியர்” என்றும் சொல்வார்கள். ஷுட் நாட் சற்று மென்மையானது, அறிவுரை போல: அப்படிச் செய்வது நல்லதில்லை.

“யூ ஆர் நாட் சப்போஸ்டு டு பார்க் ஹியர்” என்பதில் கவனம் வேண்டும். ‘நாட்’ முன்னால் நிற்கிறதே, ஆகவே ‘நிறுத்த வேண்டிய அவசியமில்லை’ என்றுதான் பொருளாக இருக்கும் என்று நாம் மேலே கற்றதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம். இது தடைதான். நிறுத்தக் கூடாது என்பது விதி என்று பொருள். ‘நாட்’ முன்னால் இருந்தாலும் பின்னால் இருக்கும் செயலையே தாவிப் பிடிக்கிறது. சப்போஸ்டு டுவை இந்த ஒரு விலக்கோடு சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே நாட் இன்னும் வழுக்கும். “விசிட்டர்ஸ் மே நாட் என்டர்” என்றால் பார்வையாளர்கள் நுழைய அனுமதி இல்லை. “ஷீ மே நாட் கம்” என்றால் அவர் வராமல் போகலாம். ஒன்று தடை, மற்றொன்று ஐயம். அதனால்தான் பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. தன் தர ஆவணங்களை எழுதுபவர்களுக்கு வகுத்துள்ள விதிகளில், தடையைச் சொல்ல ஷல் நாட்டையே பயன்படுத்த வேண்டும், அதன் இடத்தில் மே நாட் போடக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுப்பவர்களும் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1997 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்ற சிறிய ஆவணத்தின் வேலையே மஸ்ட், மஸ்ட் நாட், ஷுட், ஷுட் நாட், மே முதலிய சொற்களுக்குப் பொருள் நிர்ணயிப்பதுதான். அதன்படி மஸ்ட் நாட் என்பது முழுமையான தடை, மே என்பது முழுக்க விருப்பத்துக்கு உட்பட்டது. 2017-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8174 இன்னும் ஒரு படி போய், இந்தச் சொற்கள் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தத் தனிப்பொருள் உண்டு என்று தெளிவாக்கியது. இந்தச் சொற்களை ஆளுக்கொரு விதமாகப் படித்தால் ஆளுக்கொரு விதமாக நிரல் எழுதுவார்கள். அப்புறம் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது.

நடந்து முடிந்ததைச் சொல்ல

இறந்தகாலத்தில் டோன்ட் ஹேவ் டு எளிது. “ஐ டிடன்ட் ஹேவ் டு வெயிட்” என்றால் நான் காத்திருக்க வேண்டி வரவில்லை. எதிர்காலத்துக்கு “ஐ வோன்ட் ஹேவ் டு வெயிட்”. மஸ்ட் நாட்டுக்கு அந்த வசதி இல்லை. ‘நேற்று எங்களைப் பேசக் கூடாது என்று தடுத்திருந்தார்கள்’ என்பதற்கு “வீ வேர் நாட் அலவ்டு டு டாக்” அல்லது “வீ குடன்ட் டாக்” என்று மாறிக்கொள்ள வேண்டும். “ஹி மஸ்ட் நாட் ஹேவ் ஸீன் இட்” என்று ஒரு வடிவம் கண்ணில் படும், குறிப்பாக அமெரிக்க ஆங்கிலத்தில். அது தடை இல்லை, ஊகம்: அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. “யூ ஷுடன்ட் ஹேவ் டோல்ட் ஹெர்” என்றால் நீ அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. “யூ நீடன்ட் ஹேவ் டோல்ட் ஹெர்” என்றால் நீ அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இரண்டிலும் சொன்னது சொன்னதுதான். முதலாவதில் அது தப்பாகிவிட்டது. இரண்டாவதில் அது வீணாகிவிட்டது, அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தமிழும் ஆங்கிலமும் இங்கே அடிக்கு அடி பொருந்துகின்றன. கூடாதும் வேண்டியதில்லையும் நமக்குள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

நீடன்ட் ஹேவ் வந்தால் செயல் நடந்துவிட்டது என்று உறுதி. டிடன்ட் ஹேவ் டு வந்தால் நடந்ததா இல்லையா என்பதைச் சூழலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

குரல் மாறினால் பொருளும் மாறும்

“யூ டோன்ட் ஹேவ் டு ஷௌட்” என்று ஒருவர் உங்களிடம் சொல்கிறார். கத்த வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பது நேர்ப்பொருள். ஆனால் ‘சரி, கத்தியே பேசிக்கொள்கிறேன்’ என்று யாரும் தொடர மாட்டார்கள். ‘எதுக்குக் கத்துறீங்க?’ என்ற கண்டிப்பு அதில் இருக்கிறது. தமிழிலும் ‘இவ்வளவு சத்தமாப் பேச வேண்டியதில்லை’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்பவர் உங்களுக்கு விருப்ப உரிமை தரவில்லை. செயல் விரும்பத்தகாதது என்று இருவருக்கும் தெரிந்திருக்கும் இடத்தில்தான் டோன்ட் ஹேவ் டு இப்படிக் கடுமையாகும். மற்ற இடங்களில் அதை அப்படியே நம்பலாம்.

மஸ்ட் நாட்டுக்கும் அன்பான முகம் ஒன்று உண்டு. “யூ மஸன்ட் வர்ரி” என்று ஒருவர் தோளைத் தொட்டுச் சொன்னால் அது உத்தரவு இல்லை, ஆறுதல். ‘கவலைப்படவே கூடாது, சரியா?’ என்று நாமும் சொல்வோமே, அதேதான்.

கடைசியாக, ஒரு மருந்துத் தாளில் வரக்கூடிய இரண்டு வரிகள். “யூ டோன்ட் ஹேவ் டு டேக் திஸ் வித் ஃபுட்.” “யூ மஸ்ட் நாட் டேக் திஸ் வித் ஃபுட்.” முதல் மாத்திரையைச் சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். இரண்டாவதைச் சாப்பாட்டோடு போடவே கூடாது. வீட்டில் ஆங்கிலம் தெரியாத பெரியவர் ஒருவர் அந்தத் தாளை உங்களிடம் நீட்டி, ‘சாப்பாட்டோட போடணுமாப்பா?’ என்று கேட்டால், இரண்டு மாத்திரைக்குமே ‘வேண்டாம்’ என்ற பதில்தான் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அங்கே ஒரு நொடி நின்று, முதலாவதுக்கு ‘சாப்பாட்டோடதான் போடணும்னு இல்லை, எப்படி வேணும்னாலும் போடலாம்’ என்றும், இரண்டாவதுக்கு ‘சாப்பாட்டோட போடவே கூடாது’ என்றும் பிரித்துச் சொல்லுங்கள்.